வாயசைப்பு

நெட்டையன் பொண்டாட்டிக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது அவள் நாத்தனார்தான். நான் நம்பவில்லை. நான் பெரிய அறிவாளி என்பதால் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறதில்லை, அவ்வளவுதான். மழை வரப்போகிறது என்று ஒருவன் சொன்னால்கூட, இவன் எதற்கு இதை என்னிடம் வந்து சொல்கிறான் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

ஆனால் இந்த விஷயத்தில் நம்பாததற்கு வேறு காரணமும் இருந்தது. அந்தப் பொம்பளை ஏன் சத்தமில்லாமல் வாயை அசைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அவள் புருஷனுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நெட்டையனும் நானும் ஆணிப் பட்டறையில் வேலை. தகரக் கூரைக்குக் கீழே இருபத்திரண்டு மெஷின். கம்பிச் சுருள் ஒரு பக்கம் ஏறும். மெஷின் அதைப் பிடித்து, நறுக்கி, தலையில் ஒரு அடி அடித்து ஆணியாகத் துப்பும். இமை கொட்டும் நேரத்தில் நாலு ஆணி. இருபத்திரண்டும் சேர்ந்து அடித்தால் அந்தச் சத்தம் காதில் கேட்காது, பல்லில் கேட்கும். புதிதாக வருகிறவன் முதல் வாரம் பஞ்சை வைப்பான். இரண்டாம் வாரம் பஞ்சு எதற்கு என்று விட்டுவிடுவான். ஐந்து வருஷத்தில் கடிகாரத்தின் டிக் டிக் போகும். பத்து வருஷத்தில் மழைச் சத்தம் போகும். பிறகு பெண்சாதி குரல். நான் மெஷினில் நின்றது கொஞ்ச காலம்தான். முதுகு கெட்டதும் பீப்பாய்க்கு அனுப்பிவிட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் ஆணியை மரத்தூளோடு பீப்பாயில் போட்டு உருட்டினால், பிசுக்கைத் தூள் உறிஞ்சிக்கொள்ளும், ஆணி பளபளவென்று வரும். பீப்பாய் இருப்பது பின்கட்டில். அதனால் என் காது தப்பித்தது. நெட்டையன் இருபத்தாறு வருஷமாகக் கம்பி ஏற்றுகிறான்.

பட்டறைக்குள் தொண்டையைக் கிழித்துக் கத்தினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால் வாயாலேயே பேசுவோம், குரல் இல்லாமல். உதட்டை நன்றாக விரித்து, மெதுவாக, முகத்துக்கு நேராக. நாற்பதடி தூரத்தில் நிற்பவனைத் திட்டலாம். அவனும் அங்கிருந்தே பதில் கொடுப்பான். ஒரே ஒரு தொல்லை. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒன்றுபோல் இருக்கும். ஒரு தடவை ஒருத்தனுக்கு வாசலில் இருந்து 'மாமா வந்தாச்சு' என்று சொன்னார்கள். அவன் பெண்சாதி அப்போது நிறைமாசம். 'பாப்பா வந்தாச்சு' என்று படித்துவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு ஓடினான். வீட்டில் மாமனார் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவனுக்கு இன்றுவரை பட்டறையில் பேர் பாப்பாதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் கம்பி அறுந்து ஒருத்தனுக்கு மூன்று விரல் போனது. நிறுத்தச் சொல்லி மணி அடித்தது அவன் காதில் விழவில்லை. அதிலிருந்து திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் எல்லாரையும் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, பின்னால் நின்று கை தட்டுவார். தட்டினது கேட்டவன் கையைத் தூக்க வேண்டும். தூக்காதவன் வீட்டுக்குப் போக வேண்டும். நான் பீப்பாய்க்காரன், எனக்குச் சோதனை இல்லை. சுவரோரம் தூள் அள்ளுகிற மாதிரி குனிந்திருப்பேன். சூப்பர்வைசர் தட்டும்போது முறத்தைக் கொஞ்சம் தூக்குவேன். நெட்டையன் கையைத் தூக்குவான். இரண்டு வருஷமாக அவனுக்குக் காது நான்தான்.

இது சரியா தப்பா என்று கேட்டால், தப்புதான். மணி அடித்தால் அவனுக்கும் கேட்காது, அவனுக்கும் விரல் போகலாம். சொல்லிப் பார்த்தேன். "அண்ணே, கம்பியத் தவிர எனக்கு என்ன தெரியும்? இந்த வயசுல எவன் என்னைச் சேத்துக்குவான்?" என்றான். பிறகு நான் கேட்கவில்லை.

அவர்கள் வீடும் என் அறையும் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் தும்மினால் இங்கே விளக்கு ஆடும். ஆனால் நெட்டையன் வீட்டிலிருந்து பேச்சுச் சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை. முதலில் சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்வை போனது. தட்டை நடுவில் வைத்து எதிரும் புதிருமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் உதடும் விடாமல் அசைகிறது. அவள் எதையோ சொல்ல, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், அதுவும் சத்தம் இல்லாமல். பட்டறைப் பேச்சை அவள் வீட்டிலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு இருந்தது ஒரே மகள், கல்யாணமாகித் தூரத்துக்குப் போய்விட்டாள். பெண்சாதி செத்துப் பதினோரு வருஷமாகத் தனியாகத் தின்கிறவன் நான். அந்த ஜன்னலை அதிக நேரம் பார்க்க முடியவில்லை. வந்து படுத்துவிட்டேன்.

வருஷக்கணக்கில் அப்படிப் பேசினால் பழக்கம் விடுமா? அவன் இல்லாதபோதும் அவள் உதடு அசைய ஆரம்பித்தது. துணி துவைக்கும்போது, அடுப்படியில், சபையில் பாட்டுப் பாடும்போது. எல்லாரும் குரலெடுத்துப் பாடுவார்கள், அவள் வாய் மட்டும் திறந்து மூடும். கேட்டால் சொல்லவும் முடியாது. அவன் வேதப் புத்தகத்தின் மேல் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தான், தன் காது போன விஷயத்தை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று.

அந்த வருஷம் மழை பதினெட்டு நாள் விடாமல் பெய்தது. கம்பியில் துரு ஏறியது. மரத்தூள் காயவில்லை. ஈரத்தூள் எண்ணெயை உறிஞ்சாது, ஆணி அழுக்காகவே வரும். தகரத்தில் தூளைப் பரப்பி, கீழே நெருப்புப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தேன், கடலை வறுக்கிற மாதிரி. அந்த மழையில்தான் நெட்டையனின் அக்கா வீட்டுக் கூரை ஒழுகி, அவள் மூட்டை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். கெட்டவள் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். சபையில் முன்வரிசைக்காரி. வாய் ஓயாது. ஓயாத வாய் உள்ளவளுக்கு ஓசையில்லாத வாயைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

நாலாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

"பெரியவரே, ஒரு விஷயம் கேக்கணும். பக்கத்துலதான இருக்கீங்க. அவ ராத்திரி பகல்ல யார் கூடயாவது பேசுற மாதிரி கேட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"கேக்காது. அதான் விஷயம். பேசுறா, சத்தம் வரல. நேத்து துவைக்கிற கல்லு முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் பேசுறா. நடுவுல சிரிக்கிறா. எதுக்க யாரும் இல்ல."

"ஜெபம் பண்ணியிருப்பா."

"ஜெபத்துல சிரிப்பாங்களா? என் தம்பியப் பாத்தீங்களா, பொணம் மாதிரி இருக்கான். நான் நாலு கேள்வி கேட்டா ஒண்ணுக்குத்தான் பதில் வருது, அதுவும் ஏறுக்கு மாறா. சாப்பிட்டியாடான்னா, மழைதான்க்காங்குறான். கட்டிப் போட்டு வச்சிருக்கு அவன."

"பட்டறையில களைப்பு."

"நீங்க எல்லாத்துக்கும் ஒரு சாக்கு சொல்வீங்க. சபைக்கு வந்தாலும் செருப்புக்குக் காவலாளி மாதிரி கடைசியில உக்கார்ற ஆளுதான நீங்க. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். ஊமை ஆவிங்குறாரு. வெள்ளிக்கிழமை விடுதலை ஜெபம். அதுக்கும் போகலைன்னா ஜெபவீட்டுல நாப்பது நாள் கொண்டுபோய் விடணும்."

ஜெபவீடு எனக்குத் தெரியும். மலையடிவாரத்தில் நீளமான ஒரு கொட்டகை. உள்ளே போன சிலர் தெளிந்து வந்திருக்கிறார்கள். சிலர் போன மாதிரியே வந்திருக்கிறார்கள். தச்சன் பொண்டாட்டி வந்த பிறகு கதவைச் சாத்தினாலே நடுங்குவாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நெட்டையன் பொண்டாட்டியைப் பிடித்தேன். குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை.

"ஏம்மா, உன் நாத்தனார் என்ன சொல்றா தெரியுமா?"

"தெரியும் மாமா."

"சொல்லிடு. காது கேக்காதவன் கூடப் பேசிப் பழகின வாய், அவ்வளவுதான்னு சொல்லு. முடிஞ்சு போச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, குரல் இல்லாமல் உதட்டால் சொன்னாள்: 'சத்தியம் பண்ணிருக்கேன் மாமா.'

"சத்தியம் பெருசா, நாப்பது நாள் பெருசா?"

குரலில்தான் பதில் சொன்னாள், கரகரவென்று. "அண்ணிகிட்ட சொன்னா சபைக்கே சொன்ன மாதிரி. முதல் வரிசையில யாரு உக்கார்றாங்க, சொல்லுங்க."

சூப்பர்வைசர்தான் உட்காருகிறார். அவர்தான் பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொடுப்பார்.

"என் வீட்டுக்காரரே சொல்லட்டும் மாமா. அவங்க வாயால சொன்னா என் சத்தியம் உடையாது. அவங்க சொல்வாங்க. என்னை அப்படி விட்டுட மாட்டாங்க."

பட்டறைக்குப் போனதும் தூளை வறுக்கிறதை விட்டுவிட்டு மெஷினடிக்குப் போய் நெட்டையனுக்கு எதிரே நின்றேன்.

'வெள்ளிக்கிழமை உன் பொண்டாட்டியப் போட்டு உலுக்கப் போறாங்க. சொல்லித் தொலைடா.'

'ஒரு நாள்ண்ணே. ஜெபம் பண்ணுவாங்க, அமைதியாயிடும்.'

'நாப்பது நாள்னா?'

அவன் கம்பிச் சுருளை ஏற்றுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகத்தைத் திருப்பியவனிடம் எங்கள் பேச்சில் மேற்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. தோளைத் தட்டலாம். நான் தட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சபையில் கூடினார்கள். முப்பது பேர் இருக்கும். மழையில் நனைந்த குடைகள் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தன. பாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரநாளில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். ஏமாற்றுக்காரர் இல்லை. நான் நிறைய ஏமாற்றுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் கை சுத்தமாக இருக்கும்.

அவளை நடுவில் முழங்கால் போட வைத்தார்கள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பாஸ்டர் முதலில் மெதுவாகத்தான் கேட்டார்.

"மகளே, யாரோட பேசுற?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரோரம் நின்றிருந்தான். நான் அவனுக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில்.

"யாரோடயும் இல்லீங்க."

"பொய் சொல்லுது பாருங்க," என்றாள் அக்கா. "சொல்றது அவ இல்ல, உள்ள இருக்குறதுதான் சொல்லுது."

"பயப்படாத மகளே. உனக்குள்ள இருக்கிறது யாருன்னு சொல்லு. பேரைச் சொல்லு."

ஜெபம் தொடங்கியது. முப்பது பேரும் கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஆளுக்கொரு பக்கம் குரலெடுத்தார்கள். கை தட்டல். மேளம். மேலே தகரத்தில் மழை. இயேசுவின் நாமத்தினாலே, ஊமை ஆவியே, வெளியே போ. பாஸ்டர் கையை அவள் தலையில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் தனித்தனிச் சொல் எதுவும் இல்லை, வெறும் இரைச்சல். பல்லில் கேட்டது. பட்டறையில் நிற்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த இரைச்சலில் அவள் தலையைத் தூக்கினாள். பாஸ்டர் கைக்குக் கீழே முகம் வேர்த்து, முடி ஒட்டிக்கொண்டு கிடந்தது. நேராகப் புருஷனைப் பார்த்து, உதட்டை நன்றாக விரித்து, மெதுவாகச் சொன்னாள்.

'என்னைப் பாருங்க.'

அவன் கண்ணை மூடியிருந்தான். எல்லாரும்தான் மூடியிருந்தார்கள், ஜெபத்தில் மூடத்தான் வேண்டும். மற்றவர்களுக்குக் கண்ணை மூடினால் காது இருக்கிறது. அவனுக்குக் கண்ணை மூடினால் காதும் மூடிக்கொள்ளும். அந்த முப்பது பேர் நடுவில் அவன் ஒரு கிணற்றுக்குள் இருந்தான்.

'என்னைப் பாருங்க. நீங்க சொல்லுங்க.'

அவள் உதடு அசைவதை அக்கா பார்த்துவிட்டாள். "பேசுது, பேசுது, அங்க யாரையோ பாத்துப் பேசுது," என்றாள். பாஸ்டர் அவள் தலையைப் பின்னால் சாய்த்தார். அப்படியும் அவள் கண் அவனை விடவில்லை. மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரிந்தவன், அதை ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

நான் அவன் தோளைத் தொட்டிருந்தால் போதும். ஒரு கை தூரம். தொட்டால் அவன் கண் திறக்கும், திறந்தால் அவள் சொல்வதைப் பார்ப்பான், பார்த்த பிறகு சும்மா நிற்க அவனால் முடியாது. அது எனக்குத் தெரியும். சூப்பர்வைசர் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார் என்பதும் தெரியும். காது போன கதை வெளியே வந்தால், இரண்டு வருஷமாக முறத்தைத் தூக்கியவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். எழுபது வயசில் எனக்குப் பீப்பாயைத் தவிர என்ன இருக்கிறது? என் கை பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்று. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தூங்குகிறவனும் ஜெபம் பண்ணுகிறவனும் கண்ணை மூடுவது வேறு மாதிரி. அவன் இமை இறுகிக் கிடந்தது, தூசி விழப் போகிறது என்று மூடுகிற மாதிரி.

அப்போதுதான் அவள் கத்தினாள்.

அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. துருப்பிடித்த தாழ்ப்பாளை உதைத்துத் திறந்த மாதிரி இருந்தது. "போறேன். போயிடுறேன். நான் இங்க இருக்கல. போயிடுறேன்." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு பக்கவாட்டில் சரிந்தாள். முப்பது பேரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "தாயே, தாயே" என்று நிஜமாகவே அழுதாள், தண்ணீர் புகட்டினாள். நெட்டையன் கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்னைப் பார்த்து, 'என்னண்ணே ஆச்சு?' என்று உதட்டால் கேட்டான்.

'போயிடுச்சாம்,' என்றேன்.

வெளியே வாளித் தண்ணீரில் பாஸ்டர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? போனது எதுன்னு நிச்சயமாத் தெரியுமா உங்களுக்கு?"

"குரலக் கேட்டீங்கல்ல பெரியவரே."

"கேட்டேன். அதான் கேக்கறேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிசாசுக்குக் கொம்பும் வாலும் தேடக்கூடாது. ஒரு வீட்டுல ரெண்டு பேரைப் பேச விடாம எது பண்ணுதோ அதுதான் அது. இனிமே பேசுவாங்க பாருங்க. ஆனா ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க. போனது திரும்பி வந்து காலி வீடுன்னு பாத்தா, தன்னைவிடப் பொல்லாத ஏழு பேரைக் கூட்டிட்டு வரும்."

அந்த ஏழு பேர் கதையை அக்காவும் பாஸ்டரிடம் கேட்டு, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே போவதாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவ வாய் சும்மா அசையுதான்னு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். நெட்டையன் பொண்டாட்டி குரலில் பேச ஆரம்பித்தாள். குரலில் பாடினாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இப்போது எல்லாம் கேட்டது. அவள் குரல் மட்டும்தான் கேட்டது. புருஷனிடம் பேச வேண்டியிருந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். அடுப்பைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து.

குழாயடியில் கேட்டேன். "அவனுக்கு எப்படிக் கேக்கும்மா?"

"முகத்தப் பாத்தா வாய் தன்னால பழைய மாதிரி போயிடுது மாமா. பயமா இருக்கு."

"எதுக்குப் பயம்? உனக்குத்தான் தெரியுமே, ஒண்ணும் இல்லேன்னு."

"அன்னைக்கு முந்தி தெரியும்." குடத்தை இடுப்பில் வைத்தாள். "அன்னைக்குக் கத்துனது நானான்னு எனக்கே தெரியல. நான் கத்தணும்னு நெனைக்கல. அவங்க கண்ணைத் திறக்கலேன்னதும் உள்ள ஏதோ ஒண்ணு எந்திரிச்சுப் போச்சு. என்னன்னு தெரியல மாமா. திரும்பி வர மாட்டேங்குது."

மழை விட்டது. மரத்தூள் வெயிலில் தானாகக் காய்ந்தது. திங்கட்கிழமை சூப்பர்வைசர் கை தட்டினார், நான் முறத்தைத் தூக்கினேன், நெட்டையன் கையைத் தூக்கினான். அவன் வேலை போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

'அண்ணே, சாயங்காலம் வீட்டுக்கு வாயேன்.'

'எதுக்கு?'

'அவ என்ன பேசுறான்னு எனக்குத் தெரியல. நீ கேட்டுச் சொல்லு.'

போனேன். அந்த வாரம் முழுக்கப் போனேன், அக்கா சாயங்கால ஜெபத்துக்குக் கிளம்பின பிறகு. வாசற்படியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள், நான் அவனுக்கு உதட்டில் சொல்வேன். சாப்பிட வரச் சொல்றா. எண்ணெய் தீந்துடுச்சாம். சட்டையைக் கழட்டிப் போடச் சொல்றா. அவளுக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியும், கண்டுகொள்ளவில்லை. அவன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, இன்னும் ஏதாவது உண்டா என்கிற மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். இன்னும் ஒன்றும் இருக்காது.

சனிக்கிழமையும் அக்கா சபைக்குப் போயிருந்தாள். நெட்டையன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். போன் அடித்தது, மகள். அவள் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினாள்.

"நல்லாத்தான் இருக்கேன். … அப்பாவுக்கென்ன, நல்லாத்தான் இருக்காரு. … கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. உன் வீட்டுல பின்னாடி அந்தச் சின்ன அறை சும்மாத்தான கெடக்கு? … கொஞ்ச நாள் இல்ல. வந்தா அங்கயே இருந்துக்கலாம்னு. … இல்ல, சண்டையெல்லாம் இல்ல. சண்டை போடவாவது பேசணும்ல."

நெட்டையன் என் முழங்காலைத் தட்டினான். 'யாரு? பாப்பாவா? என்ன சொல்றா?'

அவன் முகத்தில் சந்தோஷம். மகள் போன் என்றால் அவனுக்கு எப்போதும் சந்தோஷம்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல என் உதடு வரவில்லை.

'நீ சாப்பிட்டியான்னு கேக்குதாம்.'

அவன் சிரித்தான். தட்டைத் தூக்கிக் காட்டினான். 'சாப்பிட்டேன்னு சொல்லச் சொல்லு.'

என்ன செய்வது? ஆரம்பித்தாகிவிட்டது. நான் அவள் முதுகைப் பார்த்து, "சாப்பிட்டேன்னு சொல்லச் சொல்றான்மா" என்றேன்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி அவள் பேசியது அப்போதுதான். கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. நான் சொன்னது புரியவில்லை, அவ்வளவுதான்.

"யாரு மாமா கேட்டா?"

குரலில்தான் கேட்டாள். ஆனால் வருஷக்கணக்கான பழக்கம், உதடு நன்றாக விரிந்து, மெதுவாக, நேராக வந்தது. நெட்டையன் அதைப் படித்துவிட்டான்.

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி, கழுவுவதற்குக் கொல்லைப்பக்கம் போனான். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பி, "ம், சொல்லு" என்றாள்.

நான் எழுந்து என் அறைக்கு வந்தேன். சுவருக்கு அப்பால் கொஞ்ச நேரம் அவள் குரல் கேட்டது. எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று.